ஹார்வி மில்லுக்கு ஒரு நாவல்: தமிழில் உழைப்பாளர் குடும்பக் கதைகள்

மதுரையில் ஹார்வி மில் எங்கே என்று கேட்டால் இன்றும் வழி சொல்வார்கள். ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1880களில் பஞ்சு வாங்கத் தென் தமிழகத்துக்கு வந்தார்கள். பாபநாசம் அருவியின் விசையில் ஓடும் ஆலையை விக்கிரமசிங்கபுரத்தில் கட்டினார்கள். அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் மில். 1889இல் மதுரை மில் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1974இல் அது, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் பிறந்த கோட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பாலத்துக்கு இன்று அந்தப் பெயர்தான். திருப்பரங்குன்றத்தை அடுத்த ஹார்விப்பட்டி, மில் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பு. எங்கள் அவனியாபுரத்திலிருந்து அது சில கிலோமீட்டர் தூரம்தான். ஆக, எங்கள் பக்கத்து மக்கள் அறிந்த ஸ்காட்லாந்துக்காரர் முதலாளிதான், துரைதான்.

அந்த நாட்டுத் தொழிலாளியின் கதை வேறு. 1606ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே நிலக்கரி வெட்டியவர்களையும் உப்புக் காய்ச்சியவர்களையும் எசமானோடு கட்டிப்போட்டது. வேறு இடத்துக்கு வேலைக்குப் போக எசமானின் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் போனவன் திருடனாக நடத்தப்பட்டான். 1775, 1799 ஆகிய ஆண்டுகளில் வந்த இரண்டு சட்டங்களுக்குப் பிறகே அந்தக் கட்டு முழுதாக அவிழ்ந்தது. பெண்களையும் பத்து வயது நிரம்பாத பையன்களையும் நிலத்துக்கு அடியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது 1842இல். அதற்குப் பிறகும் சுரங்கமும் அதைச் சுற்றிய ஊரும் முதலாளியின் பிடியில்தான் இருந்தன.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் கதைதான் ராபர்ட் கிரைட்டன் 1972இல் வெளியிட்ட 'தி கேமரன்ஸ்'. கிரைட்டன் அமெரிக்கர். அவருடைய தந்தை கைல் கிரைட்டன் பத்திரிகையாளர். பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தன் முன்னோர் வாழ்ந்ததைத்தான் பேரன் தலைமுறை ஆள் நாவலாக்கினார். கதை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிட்மங்கோ என்ற கற்பனைச் சுரங்க ஊரில் நடக்கிறது. மேகி டிரம் பதினாறு வயதுப் பெண். சுரங்கத்தில் பிறந்தாலும் சுரங்கத்தில் சாகக் கூடாது என்று முடிவெடுத்தவள். சொந்த ஊரில் மாப்பிள்ளை தேடாமல் வடக்கே மலைநாட்டுக்குப் போய், கில்லன் கேமரன் என்ற உயரமான ஆளைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறாள். கடலும் காற்றும் பழகிய அவன் அவளுக்காகச் சுரங்கத்துக்குள் இறங்குகிறான். பிள்ளைகள் பிறக்கிறார்கள், அவர்களும் இறங்குகிறார்கள். வீட்டில் ஒரு பணப்பெட்டி. சம்பளக் காசெல்லாம் அதற்குள் விழ வேண்டும். எதற்கு என்பது மேகிக்குத்தான் தெரியும். பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டிமேல் பயமும் உண்டு, வெறுப்பும் உண்டு.

இந்த நாவலைப் பலர் தலைமுறை தாண்டி நேசிப்பதற்கு அந்தப் பெட்டிதான் காரணம் என்று நினைக்கிறேன். அடிபட்ட தகப்பன் நஷ்டஈடு கேட்டு முதலாளிப் பிரபுவை எதிர்க்கும் பகுதி உண்டு. சங்கம், அரசியல், கதவடைப்பு எல்லாம் உண்டு. ஆனால் எல்லாமே வீட்டு வழியாகத்தான் வருகிறது. போராட்டம் வந்தால் பெட்டி கரையும். பெட்டியைக் காத்தால் மானம் போகும். இந்த இழுபறி ஒரு தாய்க்கும் மகன்களுக்கும், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இடையே நடக்கிறது. முதலாளியை வில்லனாக நிறுத்துவது எழுத்தாளருக்குச் சுலபம். பிள்ளைகளின் வயிற்றைக் கட்டிக் காசு சேர்க்கும் தாயை, அவள் செய்வது சரியா தவறா என்று சொல்லாமல் நானூறு பக்கத்துக்கு மேல் கொண்டுபோவது சுலபமில்லை. முடிவை இங்கே சொல்லவில்லை. படிக்கப்போகிறவர் தானே போய்ச் சேரட்டும்.

இதை வைத்துக்கொண்டு தமிழ்ப் பக்கம் திரும்பினால் ஒரு கேள்வி எழுகிறது. கூலி வேலையை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்தைத் தமிழ் நாவல் எவ்வளவு தூரம் பின்தொடர்ந்திருக்கிறது?

நிலக்கரியிலிருந்தே தொடங்கலாம். கு. சின்னப்ப பாரதி 'சுரங்கம்' என்ற நாவலை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி எழுதினார். நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவர், தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே போய்க் கரி வெட்டுகிறவர்களோடு பழகி எழுதியது பெரிய காரியம். நம் மண்ணிலேயே நெய்வேலி இருக்கிறது. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் பழுப்பு நிலக்கரி தென்பட்டது 1930களில். அரசு நிறுவனம் அமைந்தது 1956இல். அங்கே நிலத்தைக் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்த மக்களின் கதையைக் கண்மணி குணசேகரன் 'வந்தாரங்குடி' நாவலில் எழுதினார். அவர் பார்ப்பது சுரங்கம் விழுங்கிய ஊரை. சுரங்கத்துக்குள் ஷிப்டு பார்த்து, குவார்ட்டர்ஸில் பிள்ளை வளர்த்து ஓய்வு பெற்ற குடும்பம் அவருடைய அக்கறை இல்லை; அது நியாயமும்கூட. கோலார் தங்கவயலில் 1880களிலிருந்து வட ஆர்க்காட்டுத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். 2024இல் 'தங்கலான்' படம் வந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பலருக்கு அந்தக் கதையின் தொடக்கமாவது தெரிந்தது.

மலைத் தோட்டங்கள் தமிழ் நாவலில் நன்றாகவே இடம் பிடித்தன. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன பெண்ணின் வாழ்வை எழுதினார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்தது. மலேசிய ரப்பர் தோட்டத்தை அகிலன் 'பால்மரக் காட்டினிலே'யில் எழுதினார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்டதை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பேச்சை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் தமிழ் வாசகருக்கு இன்று சொந்தக்காரர்கள் மாதிரி. இங்கேயும் ஸ்காட்லாந்து வருகிறது: இலங்கையில் 1867இல் தேயிலையை வணிகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்த நாட்டுக்காரர்.

சமவெளித் தொழில்களில் தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) முன்னோடி. நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன நெசவாளர்களின் பசியைச் சொன்ன அந்த நாவல் செக் மொழிக்கும் போனது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிக்குப் போய்த் தங்கி, உப்பளத்துப் பெண்களோடு பேசிக் 'கரிப்பு மணிகள்' எழுதினார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்த காலும், கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெயிலும் அதில் அப்படியே இருக்கின்றன. மதுரைக்குப் பக்கத்தில் திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ், அந்த ஊர்த் தோல் ஷாப்புகளைப் பற்றி 'தோல்' எழுதினார். 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்கும் மனிதனின் உடம்பைத் தமிழில் அதுபோல வேறு யாரும் எழுதவில்லை. திருப்பூருக்குச் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'யும் எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யும் உண்டு. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு இரா. முருகவேளின் 'முகிலினி' உண்டு. நூற்பாலைக்குத் தேனிக்காரர் ம. காமுத்துரையின் 'மில்' உண்டு.

பட்டியல் சிறியதில்லை. இவற்றை எழுதியவர்கள் உடம்பை வருத்தி, ஊர் ஊராக அலைந்து எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் இவற்றில் பெரும்பாலானவை ஒரு தலைமுறையின் நெருக்கடியைச் சொல்பவை. பிடித்துவரப்பட்டவர்கள், வேலைக்குச் சேர்ந்தவர்கள், சங்கம் வைத்தவர்கள், வென்றவர்கள் அல்லது செத்தவர்கள். கதையின் உச்சம் பெரும்பாலும் வேலைநிறுத்தம். ஆனால் வேலைநிறுத்தம் முடிந்த மறுவாரம் ஒரு வீட்டில் நடப்பதுதான் நீண்ட கதை. அடகுக்குப் போன தோடு திரும்பியதா, பள்ளிக்கூடம் நின்ற பையன் திரும்பப் போனானா, கைகொடுத்த மச்சானுக்கும் கைகொடுக்காத அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்பதற்குள் நம் நாவல் நெடுநேரம் நிற்பதில்லை.

தமிழுக்குப் பல தலைமுறை நாவல் எழுத வராது என்று யாரும் சொல்ல முடியாது. பூமணியின் 'அஞ்ஞாடி' கரிசல் மண்ணின் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வாழ்வைச் சொல்கிறது. ஜோ டி குரூஸின் 'கொற்கை' பரதவர்களின் நெடுங்கதை. மதுரை முஸ்லிம் குடும்பங்களை எஸ். அர்ஷியா 'ஏழரைப் பங்காளி வகையறா'வில் எழுதினார். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' மதுரையின் பல நூற்றாண்டுகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் கொண்டுவந்தது. இவற்றைத் தாங்குவது சமூகத்தின் நினைவு. குலதெய்வம் இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை கும்பிடப் போகும் இடம் இருக்கிறது, பங்காளிகள் இருக்கிறார்கள், பெரியவர் ஒருவர் கதை சொல்ல, இன்னொருவர் திருத்துகிறார். எழுத்தாளன் போய் உட்கார்ந்தால் மூன்று தலைமுறை தானாக வாய்க்கு வரும்.

மில்லின் நினைவைத் தாங்க அப்படி எதுவும் இல்லை. பி.எஃப். கணக்கு முடிந்ததும் காகிதம் கிழிந்துபோகும். சங்கு ஊதுவது நின்றுவிடும். ஷெட்டைப் பிரித்து இரும்பை எடைக்குப் போட்டால் அடையாளம் முடிந்தது. அதைவிட முக்கியமாக, மில்லுக்குப் போன தகப்பனின் ஒரே ஆசை மகன் மில்லுக்குப் போகக் கூடாது என்பதே. மேகி கேமரனின் ஆசையும் அதுதானே. அந்த ஆசை நிறைவேறிய வீட்டில், அப்பா என்ன வேலை பார்த்தார் என்ற கதையைப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லை. கிரைட்டன் குடும்பத்தில் அதைச் சொல்ல ஒரு பத்திரிகையாளரும் எழுத ஒரு நாவலாசிரியரும் வாய்த்தார்கள்.

மதுரை விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. 'காவல் கோட்டம்' எழுதிய சு. வெங்கடேசனின் ஊர் ஹார்விப்பட்டி. மில் குடியிருப்பில் வளர்ந்த ஒருவருக்குக்கூட அழைப்பு வந்தது சமணமலை அடிவாரத்துக் கள்ளர் ஊரிலிருந்துதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாவல் எழுதப்பட்டே ஆக வேண்டிய நாவல். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975இல் தொடங்கியதும் இதே மதுரையில்தான். உழைப்பாளிகளை எழுத வேண்டும் என்று கூடிய ஊரிலேயே, அந்த ஊரின் மிகப்பெரிய ஆலை ஒரு குடும்ப நாவலாக நிலைபெறவில்லை.

பொருளுக்குப் பஞ்சமா என்றால் இல்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி., சுப்பிரமணிய சிவா இருவரும் கூட நின்றார்கள். ஒன்பதாம் நாள் கம்பெனி இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது. சில நாளில் வ.உ.சி. கைதாக, திருநெல்வேலி கொதித்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி அந்த எழுச்சியைப் பற்றி எழுதிய நூலுக்கு 2024இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. மதுரையில் 1918இல் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் மில் தொழிலாளிகளைச் சங்கமாகத் திரட்டினார். அதே ஆண்டு மில் தொழிலாளர் போராட்டத்தை ஒட்டிப் பேசியதற்காக வரதராஜுலு நாயுடு சிறைப்பட்டார். பிறகு கம்யூனிஸ்ட் சங்கம் வளர்ந்தது. 1952 தேர்தலில் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரை வடக்குத் தொகுதியில் வென்றார். நாடக மேடையிலிருந்து வந்த கே.பி. ஜானகி அம்மாள் 1967இல் சட்டமன்றம் போனார். தலைவர்களின் பெயரெல்லாம் நமக்குத் தெரியும். அவர்கள் பேச்சைக் கேட்டு மில் கேட்டுக்கு வெளியே நின்றவர்களின் வீட்டில் அன்று என்ன அடுப்பெரிந்தது என்பதை வரலாற்றாசிரியர் சொல்ல முடியாது. அது நாவலாசிரியரின் இடம்.

ஜார்ஜ் ஜோசப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மில் சங்கத்துக்கு உழைத்த அதே மனிதர்தான் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துக் கள்ளர்களுக்காக வாதாடியவர். அந்த மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்றார்கள். மில்லும் அந்தக் கைரேகைச் சட்டமும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் இருந்தவை. ரேகை வைத்தவன் இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ஸ்காட்லாந்துச் சுரங்கக்காரனின் 1606 சட்டத்தைப் படித்தபோது எனக்கு அந்தச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. இரவு ஷிப்டுக்கும் ராதாரிச் சீட்டுக்கும் நடுவே மாட்டிய ஒருவனை எண்ணிப் பாருங்கள். மில்லில் சங்கம் அவனைத் தோழர் என்கிறது. போலீஸ் அவனைக் கேடி என்கிறது. வீட்டில் தாய் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஒரே நாளில் மூன்று மனிதர்களாக இருந்தவன் அவன்.

மில்லின் உள்ளே இருப்பதும் எழுதத் தகுந்ததுதான். ரிங் ஃபிரேம் நீளத்துக்கு நடந்துகொண்டே இருப்பவர் சைடர். நூறு நூறாகக் கதிர்கள் சுற்றும். எங்கேயாவது ஓர் இழை அறும். ஓடும் மிஷினை நிறுத்தாமல், சுழலும் கதிரை ஒரு கணம் விரலால் பிடித்து, அறுந்த முனையை எடுத்து, மேலிருந்து இறங்கும் பஞ்சோடு சேர்த்துவிட வேண்டும். ஒட்டுத் தெரியக் கூடாது. கை எடுத்த நொடியில் அடுத்த இழை அறுந்திருக்கும். கதிரில் பாபின் நிறைந்ததும் டாஃபர் பையன்கள் வந்து நிறைந்ததைக் கழற்றி வெறும் பாபினை மாட்டுவார்கள். இழை அறாமலிருக்கக் காற்றில் ஈரம் வேண்டும். அதனால் வெக்கையோடு புழுக்கமும் சேரும். இரைச்சலில் பேச்சு கேட்காது. உதட்டசைவும் கைஜாடையும்தான் பாஷை. பஞ்சுத் தூசி தலையில், புருவத்தில், நெஞ்சுக்குள். வீட்டுக்கு வந்த பிறகும் உரக்கவே பேசுவார் தகப்பன். கோபமில்லை, காது அப்படிப் பழகிவிட்டது. இருமல் நெஞ்சில் தங்கியதைப் புகையிலைமேல் பழி போட்டவர்கள் பலர்.

பதிலி என்ற ஒருவர் இருக்கிறார். அவரைத் தனியாகவே எழுதலாம். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டும் வேலை. விடிகாலையில் டிபன் தூக்கோடு கேட்டில் நின்று, பெயர் கூப்பிடாவிட்டால் அதே தூக்கோடு திரும்ப வேண்டும். பக்கத்து வீட்டு நிரந்தரத் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் இந்த வீட்டில் சோறு. இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள். மேகி கேமரன் குடும்பத்தின் பணப்பெட்டி இங்கே ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, போனஸ் வரும் மாதத்தை நம்பி வாங்கிய கந்து என்று பல உருவில் இருக்கும். போனஸ் விகிதம் எத்தனை என்று சங்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பணம் எந்த நகைக்கடைக்கு, எந்த மகள் கல்யாணத்துக்கு என்று வீட்டில் முடிவாகியிருக்கும்.

பெண்களின் பங்கு இதில் இரண்டு முறை வருகிறது. தொடக்கக் காலத்தில் ஆலைகளில் நூல் சுற்றும் பிரிவுகளில் பெண்கள் இருந்தார்கள். காலப்போக்கில் ஆலை ஆண்களின் இடமாகிப் பெண்கள் ஒதுங்கினார்கள். பிறகு நாட்டில் பெரிய ஆலைகள் தளர்ந்து, திண்டுக்கல், கோவை, ஈரோடு வட்டாரங்களில் தனியார் நூற்பாலைகள் பெருகியபோது, வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கும் 'சுமங்கலித் திட்டம்' வந்தது. ஒப்பந்தம் முடிந்தால் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை. பாதியில் உடம்பு முடியாமல் திரும்பிய பெண்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. கேமரன் வீட்டில் பெட்டியின் சாவி தாயிடம் இருந்தது. இந்தப் பெண்களின் பெட்டியை மில்லே வைத்துக்கொண்டது. ஆச்சி ஹார்வி மில்லில் நூல் சுற்றியவர், மகன் அதே மில்லில் சைடர், பேத்தி ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆலை ஹாஸ்டலில் என்று ஒரு குடும்பத்தை நிறுத்தினால், நூறு வருஷத் தமிழ்நாட்டுத் தொழில் வரலாறு தானாக நடந்து வரும்.

அவனியாபுரம் என்றால் வெளியூர்க்காரருக்குத் தை முதல் நாள் ஜல்லிக்கட்டுதான். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' தந்த பெருமையில் மாடுபிடி இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. அதில் எனக்கும் மகிழ்ச்சி. வருஷத்தின் மிச்ச நாட்களில் இந்த ஊர் கழிவுநீர்ப் பண்ணையும் வயலும் குடியிருப்பும் கலந்த ஊராக இருந்து, 2011இல் மாநகராட்சிக்குள் வந்தது. இங்கும் வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம், திருநகர் பக்கங்களிலும் ஹார்வி மில், மீனாட்சி மில், மகாலட்சுமி மில், சீதாலட்சுமி மில் என்று எதிலாவது வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். எந்த மிஷின் எந்தச் சத்தம் போடும் என்று வாயாலேயே செய்து காட்டக்கூடியவர்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது போராட்டத் தேதிகளை அல்ல. அவை பழைய 'ஜனசக்தி', 'தீக்கதிர்' தாள்களிலும் நீதிமன்றக் கட்டுகளிலும் இருக்கின்றன. முதல் சம்பளத்தை யாரிடம் கொடுத்தீர்கள், லே-ஆஃப் மாதத்தில் எந்தப் பாத்திரம் முதலில் வெளியே போனது, வேலை போன அன்று வீட்டில் முதலில் யாரிடம் சொன்னீர்கள், யாரிடம் கடைசிவரை சொல்லவில்லை என்று கேட்க வேண்டும். அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது; எழுதப்போகிறவர் இந்த வருஷமே போய் உட்கார வேண்டும்.